பழைய சுமையூர்தியும் பெருக்கெடுக்கும் கார்புரேட்டரும்

கருவி பழுதுபடுவது இயல்பு. பழுது நீக்கிய பின்னரும் அது முன்னினும் கேடாக இயங்குமாயின், அதன் காரணத்தை ஆராய்வது கடமையாகிறது. பழைய பெட்ரோல் சுமையூர்தி வைத்திருப்போர் பலர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்று இவ்வகையைச் சேர்ந்தது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, ‘ரிப்பேர் கிட்’ எனப்படும் புதிய உதிரிகளை இட்டுப் பூட்டுகின்றனர். வண்டியைக் கிளப்பினால் கரும்புகை எழுகிறது. பெட்ரோல் நாற்றம் தெருவெங்கும் வீசுகிறது. எஞ்சின் சிறிது நேரம் திணறி நின்றுவிடுகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது பெட்ரோலில் நனைந்து கிடக்கிறது. பட்டறைகளில் இதனை ‘ஓவர்ஃப்ளோ’ என்பர்.

புதிய பாகம் இட்டாயிற்று, இனிக் குற்றம் கார்புரேட்டரில் இராது என்று கருதி வேறெங்கோ தேடுவோர் உளர். ‘கிட்’ சரியில்லை என்று மற்றொன்றை வாங்கி இடுவோரும் உளர். இருவகையினரும் பொருளையும் காலத்தையும் இழக்கின்றனர். இந்நோய்க்குக் காரணங்கள் பலவாயினும் அவற்றைக் கண்டறியும் வழி ஒன்றே. அது வரிசை தவறாத ஆய்வு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வட்டாரமும் வண்டிகளும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகச் சாலைகளில் ஓடிய லாரிகளும் பேருந்துகளும் பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகளே. ஃபோர்டு நிறுவனம் அக்காலத்தில் சென்னையில் வண்டிகளைப் பூட்டி விற்றது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுவால் வண்டியை ஓட்டும் சாதனத்தைச் செய்து தந்தது. 1950களில் எண்ணூரில் அசோக் லேலண்டும் ஜம்ஷெட்பூரில் டாட்டாவும் டீசல் லாரிகளை உருவாக்கத் தொடங்கின. அதன்பின் பெரிய லாரிகள் படிப்படியாகப் பெட்ரோலைக் கைவிட்டன.

எனினும் சிறிய சுமையூர்திகள் நெடுங்காலம் பெட்ரோலிலேயே ஓடின. சென்னையை அடுத்த பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையின் ‘ஸ்டாண்டர்டு 20’, மகிந்திராவின் ஜீப் வகை வண்டிகள், ஜபல்பூர்ப் படைத்துறைத் தொழிற்சாலையில் நிசான் நிறுவன உரிமத்தின் பேரில் செய்யப்பெற்றுப் பின்னர் ஏலத்தில் வெளிவந்த ஒரு டன் வண்டிகள் ஆகியன அவற்றுட் சில. ஸ்டாண்டர்டு தொழிற்சாலை 1980களின் இறுதியில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

சென்னை அசோக் நகர் 1960களில் வீட்டுவசதித் திட்டமாக உருவான பகுதி. அதற்குத் தெற்கே 1958 இல் தொடங்கப்பெற்ற கிண்டித் தொழிற்பேட்டை உள்ளது. அவ்வழிச் செல்லும் நூறடிச் சாலையில் சரக்கு வண்டிகளின் நடமாட்டம் என்றும் குறைந்ததில்லை. இத்தகைய இடங்களில் சிறு வணிகர்க்கும் சிறு ஆலையினர்க்கும் வண்டியே வாழ்வு. வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய வருவாயும் நிற்கும்.

கார்புரேட்டர்த் தொழிலிலும் சென்னைக்கு இடம் உண்டு. பல இந்திய வண்டிகளில் பொருத்தப்பெற்ற சோலக்ஸ் வகைக் கார்புரேட்டர்களைச் சென்னையிலிருந்த கார்புரேட்டர்ஸ் லிமிடெட் செய்து வழங்கியது. ஜப்பானிய மிக்குனி நிறுவனத்தின் நுட்பத்துடன் யூகால் நிறுவனம் 1980களில் தோன்றி, மறைமலை நகரில் தொழிற்சாலை அமைத்தது. 2000 ஆம் ஆண்டையொட்டி வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் புதிய கார்களிலிருந்தும், 2020 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளால் புதிய இரு சக்கர வண்டிகளிலிருந்தும் கார்புரேட்டர் விடைபெற்றது. பழைய வண்டிகள் எஞ்சியுள்ளன. அவற்றின் நோயறிந்த கைகளோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. ஆகவே இவ்வறிவை எழுத்தில் வைப்பது தேவையாகிறது.

கார்புரேட்டர் செய்யும் பணி

பெட்ரோல் நீர்மமாக இருக்கும் நிலையில் எஞ்சினுக்குள் முறையாக எரியாது. அது நுண்துளிகளாகிக் காற்றோடு கலக்க வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. கன அளவில் கூறினால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். இவ்விகிதத்தில் பெட்ரோல் சிறிது மிகுந்தால் எஞ்சின் ஓடும். ஆனால் புகை கக்கும். மிகப் பெரிதும் மிகுந்தால் பிளக்கின் பொறி அக்கலவையைப் பற்றவைக்க இயலாது.

இவ்விகிதத்தைக் காப்பதற்கு எளிய இயற்பியல் விதி ஒன்று பயன்படுகிறது. குறுகிய வழியே விரைந்து செல்லும் காற்றின் அழுத்தம் குறையும். சுவிஸ் அறிஞர் டேனியல் பெர்னூலி 1738 இல் வெளியிட்ட நூலில் இதன் அடிப்படையை விளக்கினார். கார்புரேட்டரின் நடுக்குழாய் இடையில் குறுகியிருக்கும். அவ்விடத்தில் அழுத்தம் குறைவதால், அருகிலுள்ள சிறு தொட்டியிலிருந்து பெட்ரோல் ஜெட் எனப்படும் நுண்துளை வழியே உறிஞ்சப்பட்டு, காற்றில் தூவப்படுகிறது.

இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது, அத்தொட்டியிலுள்ள பெட்ரோலின் மட்டம். அது தூவும் குழலின் வாயைவிடச் சில மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்க வேண்டும். மட்டம் வாய்க்கு மேல் எழுந்தால் காற்று இழுக்காமலே பெட்ரோல் வழியும். இதுவே பெருக்கு. ஆகவே நம் ஆராய்ச்சி முழுவதும் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியது: மட்டத்தைக் காப்பது எது? அது ஏன் தவறியது?

மட்டத்தைக் காப்பவை இரண்டு. ஒன்று மிதவை, மற்றொன்று அதனால் உந்தப்படும் ஊசி அடைப்பான். தொட்டி நிறைய நிறைய மிதவை எழும்; எழும் மிதவை ஊசியைத் தள்ளி, பெட்ரோல் வரும் துளையை மூடும். பெட்ரோல் செலவானால் மிதவை தாழும், துளை திறக்கும்.

இந்நுட்பம் மோட்டார் வண்டிக்கு மிகவும் முற்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா உடன்பிறப்புகள் மூவரும் தம் கருவி நூலில் மிதவைகளையும் கூம்பு வடிவ அடைப்பான்களையும் கையாண்டுள்ளனர். அல் ஜஸரி 1206 இல் நிறைவு செய்த நூலில் விளக்கும் நீர்க்கடிகாரத்தில், நீர் சீராக வழியும்படி மட்டத்தைக் காக்கும் மிதவை அறை இடம்பெறுகிறது. நீர்க்கடிகாரத்தில் மட்டம் தவறினால் காலம் பிழைபடும். கார்புரேட்டரில் மட்டம் தவறினால் எஞ்சின் பிழைபடும்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

பெருக்கெடுக்கும் வண்டி தீப்பற்றக் கூடிய வண்டி. ஆய்வைத் திறந்த வெளியில் செய்தல் வேண்டும். பீடியோ தீக்குச்சியோ அருகில் வரலாகாது. உள்ளே பார்ப்பதற்குக் கைவிளக்கையே பயன்படுத்த வேண்டும். மணல் வாளியும் உலர்தூள் தீயணைப்பானும் கையெட்டும் தொலைவில் இருத்தல் நன்று. எரியும் பெட்ரோலின் மீது நீர் ஊற்றினால் பெட்ரோல் நீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

அடுத்து எஞ்சின் ஆயிலின் அளவுகோலை உருவிப் பார்க்க வேண்டும். மட்டம் உயர்ந்திருந்தாலோ, ஆயிலில் பெட்ரோல் மணம் வீசினாலோ, வழிந்த பெட்ரோல் சிலிண்டர் வழியே ஆயிலில் இறங்கிவிட்டது என்று பொருள். அந்த ஆயில் உயவுத் தன்மையை இழந்துவிடும். அதோடு எஞ்சினை ஓட்டினால் பேரிங்குகள் தேயும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை எஞ்சினையே பிரிக்கும் செலவாக வளரும். ஆதலால் நோய் தீர்ந்த பின், வண்டியைச் சாலையில் இறக்கு முன், ஆயிலை மாற்றிவிட வேண்டும். சிலிண்டரில் பெட்ரோல் தேங்கியுள்ளது என்னும் ஐயம் இருப்பின், செல்ஃப் போடுவதை உடனே நிறுத்துதல் வேண்டும். நீர்மம் அமுங்காது, எதிர்த்து நிற்கும் நீர்மம் கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.

பெருக்கின் வகைகள்

பிளக் நனைந்திருப்பது கொண்டே கார்புரேட்டர் பெருகுகிறது என முடிவு செய்தல் கூடாது. நனைந்த பிளக்குக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, மட்டம் உயர்ந்து பெட்ரோல் தானே வழிதல். இரண்டாவது, மட்டம் சரியாக இருந்தும் கலவையில் பெட்ரோல் மிகுதல். சோக் தகடு மூடியபடியே சிக்கிக்கொள்வது, ஜெட் தளர்ந்திருப்பது, காற்றுத் துளைகள் அடைபட்டிருப்பது, ஏர் ஃபில்டர் தூசியால் மூடப்பட்டிருப்பது ஆகியன இதன் காரணங்கள். மூன்றாவது, கலவை சரியாக இருந்தும் பொறி இல்லாமை. எரியாத பெட்ரோல் பிளக்கில் படிந்து நனைக்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்டு கருகியிருந்தால் இந்நிலை நேரும். இம்மூன்றையும் பிரித்தறியாமல் ஸ்பானரை எடுப்பது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

பிரித்தறிவது எளிது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சின் நின்ற நிலையில் கார்புரேட்டரின் வாயினுள் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். எஞ்சினால் இயங்கும் பம்பு பலவற்றில் கையால் இயக்கும் சிறு நெம்புகோல் உண்டு. அதனைப் பலமுறை இயக்கித் தொட்டியை நிரப்பினால், சிறிது நேரத்தில் ஊசி மூடி, பெட்ரோல் நின்றுவிட வேண்டும். அவ்வாறின்றித் தூவும் குழலிலிருந்து சொட்டினால், குற்றம் மட்டத்தைச் சார்ந்தது. சொட்டு இல்லையெனில் சோக்கையும் ஜெட்டுகளையும் பொறியையும் பார்க்க வேண்டும்.

பழுது பார்த்த பின் ஏன் பெருகுகிறது?

மட்டம் தவறுவதற்குரிய காரணங்களுள், பழுது பார்த்த பின் வருவனவற்றை இனிக் காண்போம்.

முதலாவது துரும்பு. கார்புரேட்டரைக் கண்ணாடி போல் கழுவியவர்கள் டேங்கையும் குழாயையும் மறந்துவிடுகின்றனர். பழைய டேங்கின் துருத்தூள் ஒன்று ஊசிக்கும் அதன் இருக்கைக்கும் இடையே அமர்ந்தால் போதும், துளை மூடாது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் அசோக் நகர், ஜாபர்கான்பேட்டை, எம்.ஜி.ஆர். நகர்ப் பகுதிகளிற் புகுந்தபோது வண்டிகள் பல நீரில் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய வண்டியின் டேங்கில் சேறும் நீரும் சேர்ந்து, உட்புறம் துருப்பிடித்திருக்க வாய்ப்புண்டு. டேங்கைக் கழற்றிக் கழுவாமல் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினும் பயனில்லை.

இரண்டாவது ஊசியின் அளவு. ஊசி அடைப்பானின் துளை 1.5, 1.75, 2.0 மில்லிமீட்டர் எனப் பலவாக வரும். அளவு பெரும்பாலும் அதன் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 1.5 இருந்த இடத்தில் 2.0 ஐ இட்டால் துளையின் பரப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. பம்பின் அழுத்தம் மாறாதபோதும் ஊசியைத் திறக்கத் தள்ளும் விசை அதே 1.8 மடங்காகும். பழைய மிதவையின் உந்துவிசை அதனை எதிர்த்து நிற்க இயலாது. பல வகை வண்டிகளுக்கும் பொது என்று விற்கப்படும் ‘கிட்’டுகளில் இப்பிழை நேர்வதுண்டு. ஆதலால் பழைய ஊசியை எறியாமல் வைத்திருந்து, புதியதோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது வாஷர். சோலக்ஸ் வகையில் ஊசி அடைப்பானின் அடியில் இடும் வாஷரின் கனமே பெட்ரோல் மட்டத்தை முடிவு செய்கிறது. அது மேல்மூடியிலிருந்து தொங்கும் அமைப்பு. கனமான வாஷர் இட்டால் ஊசி தாழ்ந்து, மட்டமும் தாழும்; மெல்லிய வாஷர் இட்டால் மட்டம் உயரும். வாஷரே இல்லாவிடினோ, மரை சரியாக இறுகாவிடினோ, பெட்ரோல் ஊசியைச் சுற்றிக்கொண்டு மரையின் வழியே இறங்கும். அப்போது ஊசி எவ்வளவு நன்றாக மூடினும் பெருக்கு நில்லாது.

நான்காவது மிதவை. பித்தளை மிதவையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் பெட்ரோல் உட்புகும். காதருகே குலுக்கினால் உள்ளே நீர்மம் அலையும் ஒலி கேட்கும். சுடுநீரில் அமிழ்த்தினால் வெடிப்பின் வழியே குமிழிகள் வெளிப்படும். ஈயம் வைத்து அடைக்கலாம்; ஆயின் மிகுதியாக வைத்தால் மிதவையின் எடை கூடி, மட்டம் உயர்ந்துவிடும். பிளாஸ்டிக் மிதவைகள் சில நாளடைவில் பெட்ரோலை உறிஞ்சிக் கனக்கும். மிதவையைத் தலைகீழாக இடுவதும், அது தொட்டியின் சுவரில் உரசும்படி இடுவதும் அவசரத்தில் நேரும் பிழைகள்.

ஐந்தாவது பம்பின் அழுத்தம். இவ்வகைக் கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு 2 முதல் 4 பவுண்டு அழுத்தமே ஏற்றது. பழைய பம்பு கெட்டபோது அதற்கு மாற்றாக மின்சாரப் பம்பைப் பொருத்துவோர் உண்டு. எரிபொருளைப் பீச்சும் புதிய வகை வண்டிகளின் பம்பு 40 பவுண்டு அளவுக்கு அழுத்தம் தரும். அதனைக் கார்புரேட்டரில் இணைத்தால் எந்த ஊசியும் தாங்காது. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையே அழுத்தமானியை இணைத்துப் பார்த்தால் ஐயம் சில நிமிடங்களில் தீரும்.

ஆறாவது பேக்கிங். துளை பொருந்தாத பேக்கிங் ஒரு காற்றுவழியை மூடினாலோ, தொட்டியின் காற்றுத்துளையை அடைத்தாலோ, உள்ளே அழுத்தம் ஏறிப் பெட்ரோல் தள்ளப்படும். புதிய பேக்கிங்கைப் பழையதன் மேல் வைத்துத் துளைக்குத் துளை பார்ப்பது ஒரு நிமிட வேலை. மேல்மூடியைக் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து, வளைவு இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

இறுதியாக வெப்பம். சென்னையின் மே மாத வெயிலில் ஓடி நின்ற வண்டியின் எஞ்சின் சூடு கார்புரேட்டருக்கு ஏறினால், தொட்டியிலுள்ள பெட்ரோல் கொதித்து வழியும். காலையில் ஒழுங்காகக் கிளம்பி, நண்பகலில் நிறுத்திய சிறிது நேரத்தில் கிளம்ப மறுக்கும் வண்டியின் நோய் இதுவாக இருக்கலாம். எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் இடையே இருந்த வெப்பத்தடைப் பலகை, பழுது பார்க்கும்போது விடுபட்டிருக்கிறதா என்று நோக்க வேண்டும்.

ஆய்வின் வரிசை

மேற்கூறியவற்றைச் செலவு குறைந்ததில் தொடங்கிச் செலவு மிகுந்ததை நோக்கி வரிசைப்படுத்திக் கொள்ளலாம்.

1. சோக் தகடு முழுதும் திறக்கிறதா, ஏர் ஃபில்டர் தூய்மையாக உள்ளதா, பொறி வலுவாக உள்ளதா என்று பார்த்தல்.
2. எஞ்சினை நிறுத்திப் பம்பை இயக்கி, சொட்டு உண்டா என நோக்குதல்.
3. பம்பின் அழுத்தத்தை அளத்தல்.
4. பம்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றிக் கண்ணாடிக் குப்பியில் பெட்ரோலைப் பிடித்து, துருவோ நீரோ உள்ளதா எனக் காணுதல்.
5. மேல்மூடியைத் திறந்து ஊசி, வாஷர், மிதவை ஆகியவற்றை ஆராய்தல்.
6. வண்டியின் கையேட்டில் கண்ட அளவுப்படி மட்டத்தை அளவுகோலால் சரிபார்த்தல்.
7. பேக்கிங், காற்றுத் துளைகள், ஜெட்டுகள் ஆகியவற்றை நோக்குதல்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது இவ்வரிசையின் உயிர்நாடி. ஊசியையும் மிதவையையும் பம்பையும் ஒருசேர மாற்றினால் நோய் தீரலாம்; நோய் எதுவென்று தெரியாது. அடுத்த முறை அது வரும்போது மீண்டும் மூன்றையும் மாற்ற நேரும்.

பெருக்கு நின்ற பின், நனைந்த எஞ்சினைக் கிளப்புவதற்கும் முறை உண்டு. சோக்கை முழுதும் திறந்து, ஆக்சிலரேட்டரை இறுதிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் போட வேண்டும். அப்போது காற்று மிகுதியாகச் சென்று தேங்கிய பெட்ரோலை உலர்த்தும். மீண்டும் மீண்டும் மிதித்து விடுவது தவறு. ஒவ்வொரு மிதியும் மேலும் சிறிது பெட்ரோலை உள்ளே பீச்சும்.

எத்தனாலும் பழைய வண்டியும்

அண்மைக் காலத்தில் இந்நோய்க்குப் புதிய காரணம் ஒன்று சேர்ந்துள்ளது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. 2025 இல் நாடெங்கும் இக்கலப்பு பரவலாயிற்று. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. கடற்கரை நகரான சென்னையில் ஈரத்துக்குக் குறைவில்லை. பழைய ரப்பர்க் குழாய்களையும் ரப்பர் உறுப்புகளையும் அது உப்பவும் உதிரவும் செய்யும். டேங்கில் பல்லாண்டு படிந்த கசடுகளையும் கரைத்துக் கொண்டுவரும். இவையெல்லாம் வந்து சேரும் இடம் ஊசியின் முனை. எனவே பழைய வண்டிகளில் எத்தனாலைத் தாங்கும் குழாய்களை இடுவதும், பம்புக்கு முன் வடிகட்டியைப் பொருத்தி அதனைத் தவறாமல் மாற்றுவதும், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்த நேர்ந்தால் பெட்ரோலை வடித்துவிடுவதும் நலம்.

பட்டறைத் தமிழ்

மொழித்துறையினர் கருதத்தக்க செய்தி ஒன்றும் இதில் உண்டு. எஞ்சினால் இயங்கும் பெட்ரோல் பம்பை நம் பட்டறையினர் ‘ஏ.சி. பம்ப்’ என்பர். இதற்கும் குளிர்சாதனத்துக்கும் தொடர்பில்லை. ஆல்பர்ட் சாம்பியன் என்பவரின் பெயர் முதலெழுத்துகளைத் தாங்கிய ஒரு வணிகக் குறி, பொருளின் பெயராகவே நிலைத்துவிட்டது. வண்டி ‘இழுக்கவில்லை’, ‘திணறுகிறது’, ‘குடிக்கிறது’ என்று அவர்கள் கூறும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு நோய்க்குறியைத் தனித்துச் சுட்டுகின்றன. அறிவியல் தமிழுக்குக் கலைச்சொற்களைத் தொகுத்தளித்த மணவை முஸ்தபா போன்றோரின் பணி தொடர வேண்டுமாயின், பட்டறைகளில் வழங்கும் இச்சொற்களும் அகராதியில் இடம்பெறுதல் வேண்டும். கார்புரேட்டர் மறையும்போது அதன் சொற்களும் மறைந்துபோகும். அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. மாணவர்கள் ஒரு விடுமுறையைப் புதுப்பேட்டையிலோ தம் ஊர்ப் பட்டறையிலோ குறிப்பேட்டுடன் செலவிட்டால், அது நல்லதோர் ஆய்வேட்டுக்கு வித்தாகும்.

நிறைவாக

பழுது பார்த்த கார்புரேட்டர் பெருக்கெடுத்தால், புதிய பாகம் பொருந்தியதா, பழைய குறை எஞ்சியதா என்னும் இரு வினாக்களை அது நம்முன் வைக்கிறது. விடை காண்பதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. ஒரு கைவிளக்கு, ஓர் அழுத்தமானி, ஓர் அளவுகோல், ஒரு கண்ணாடிக் குப்பி ஆகியனவும் சிறிது பொறுமையும் போதும். மிதவை தன் மட்டத்தில் நின்று, ஊசி தன் இருக்கையில் படிந்தால், அரை நூற்றாண்டு கண்ட சுமையூர்தியும் புகையின்றிக் கிளம்பித் தன் உடையவரின் அன்றாட வருவாய்க்குத் துணை நிற்கும்.